யார் எழுதியது?

ஜனவரி 22, திங்கள்

லேப் கிடைத்துவிட்டது. மூன்று வாரம் முதல்வர் மேடத்தின் பின்னாலேயே அலைந்து வாங்கினேன். பதினான்கு கம்ப்யூட்டர், அதில் ஒன்பதுதான் ஓடுகிறது, ஓடுகிற ஒன்பதில் ஒன்றுக்கு மௌஸ் கிடையாது. இரண்டாமாண்டு பி.ஏ. வகுப்பில் இருபத்தேழு பேர். மூன்று பேருக்கு ஒரு பெட்டி என்று உட்கார வைத்தேன். யூபிஎஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கீச்சென்று கத்தியது. ஆனாலும் இன்று மாதிரி ஒரு வகுப்பு எனக்கு அமைந்ததே இல்லை.

அறந்தாங்கியில் இந்தப் பெண்கள் கல்லூரிக்கு நான் இங்கிலீஷ் நடத்த வந்து பதினோரு வருடம் ஆகிறது. பிள்ளைகள் எல்லாம் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். இங்கிலீஷ் என்றாலே தலை தானாகக் குனிந்துவிடும். நானும் வருடா வருடம் 'எனது கிராமம்' கட்டுரையை மனப்பாடம் செய்ய வைத்து, அதையே திருத்தி, அதற்கே மார்க் போட்டு அலுத்துப் போனேன். இவர்களுக்கு மொழி வராமல் இல்லை. அந்த மொழியில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லாமல் இருந்தது. அதனால் இந்தத் தடவை ஒரே வேலை கொடுத்தேன். உனக்கு உண்மையிலேயே பதில் தெரிய வேண்டிய ஒரு கேள்வியை எடு. இங்கிலீஷில் நெட்டில் தேடு, குறிப்பெடு, நாலு பக்கம் எழுது, எழுந்து நின்று சொல்லு.

தஸ்லிமாவுக்குப் பென்குவின் நின்றுகொண்டே தூங்குமா என்று தெரிய வேண்டுமாம். இன்னொருத்திக்குச் சிங்கப்பூர் கோயில்களுக்கு மல்லிகை எங்கிருந்து போகிறது என்று. சங்கவி எப்போதும் கடைசி பெஞ்சில் வாயே திறக்காத பெண். அவள் கை தூக்கினாள்.

"எங்க அண்ணனுக்குத் தாய்லாந்துல வேலை வந்துருக்கு மிஸ். அந்தக் கம்பெனி எப்படின்னு பாக்கணும்."

பெயர் கேட்டேன். சொன்னாள். நீளமான பெயர், இங்கே எழுதவில்லை. நல்லது, செய் என்றேன்.

யூபிஎஸ் பற்றி நாளைக்கு ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

ஜனவரி 24, புதன்

நெட்டில் இருப்பதெல்லாம் வேதமில்லை என்று புரிய வைக்க ஐந்து கேள்விகளை ஒரு தாளில் அடித்து ஆளுக்கொன்று கொடுத்தேன். ஒன்று, யார் எழுதியது? இரண்டு, எப்போது எழுதியது? மூன்று, முகவரியும் போனும் இருக்கிறதா? நான்கு, எழுத்து சுத்தமாக இருக்கிறதா? ஐந்து, சம்பந்தப்பட்ட ஒரு ஆளுக்காவது கடிதம் எழுதிக் கேட்டாயா?

நாலாவது கேள்வியைப் பற்றி நிறையப் பேசினேன். ஏமாற்றுப் பேர்வழிகளுக்கு நாலு வரி ஒழுங்காக எழுத வராது, அதிலேயே பிடித்துவிடலாம் என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் செய்து வாங்கிவிட்டேன். துறையின் பெயர் போட்டு, கீழே 'சரிபார்க்கப்பட்டது'. ஐந்து கேள்வியும் தாண்டினால் இந்த சீல். பிள்ளைகளுக்கு மார்க்கைவிட சீல்தான் பிடித்திருக்கிறது.

வீட்டில் வழக்கம்போலத்தான். என் வீட்டுக்காரர் கருணாகரன் வைத்திருக்கும் டிராவல்ஸ் ஆபீசில் தீபாவளிக்கு முன்னால் ஜேபி என்பவர் பங்குக்கு வந்தார். அதுவரை டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும்தான். இப்போது வெளிநாட்டு வேலைக்கும் ஆள் அனுப்புகிறார்கள். வேலை கொடுக்கிற கம்பெனியின் வெப்சைட்டுக்கு எழுத ஆள் இல்லை என்றார்கள். தீபாவளி லீவில் உட்கார்ந்து நான்தான் எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். எப்போதாவது இரண்டொரு கடிதம் எழுதித் தருவேன். புருஷனுக்கு இதுகூடச் செய்யக் கூடாதா என்ன. எழுதிக் கொடுத்ததோடு சரி, அந்தப் பக்கத்தை நான் அப்புறம் திறந்து பார்த்ததில்லை.

இந்த நோட்டை ஸ்டாஃப் ரூமில் மூன்றாவது பீரியடில் எழுதுகிறேன். அந்த நேரம் எனக்கு வகுப்பில்லை.

ஜனவரி 30, செவ்வாய்

சங்கவி தேறிவிட்டாள். இந்தப் பெண்ணுக்கா இங்கிலீஷ் வராது என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம்! தாளில் ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வருகிறாள். முகவரி இருக்கிறது. போன் இருக்கிறது. எழுத்து ரொம்பச் சுத்தம். அங்கே வேலை பார்க்கிற ஆறு பேர் தங்கள் அனுபவத்தை எழுதியிருக்கிறார்கள். அதில் ஒன்றை எழுந்து நின்று வாசித்தாள். பேராவூரணிப் பக்கத்திலிருந்து போன ஒருவர், முதல் மாதமே தன் அம்மாவுக்கு மோட்டார் வைத்த தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தாராம். இனி அம்மா காலால் மிதிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். அந்த வரியை அவள் இரண்டு தடவை வாசித்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

எனக்குத் தாகமாக இருந்தது. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

என் அம்மாவும் தையல் மெஷின் மிதித்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். தையல் மெஷின் எந்த வீட்டில்தான் இல்லை.

முதல் கேள்விக்கு மட்டும் அவள் பதில் எழுதவில்லை. "எழுதுனவங்க பேரே எங்கயும் இல்ல மிஸ்" என்றாள். கம்பெனிதான் எழுதியிருக்கும், அதை விடு, அடுத்ததைப் பார் என்றேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

காலையில் இட்லி வைத்துக்கொண்டிருக்கும்போது அவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆபீஸ் மெயிலுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறதாம், யாரோ காலேஜ் பெண் போல, அழகாக எழுதியிருக்கிறாள், அதே தரத்தில் ஒரு பதில் போட வேண்டும் என்றார்.

வாசித்தேன். தன்னை அறிமுகம் செய்துகொள்வது, காரணத்தைச் சொல்வது, மூன்று கேள்விகள், நன்றி. போன வாரம் கரும்பலகையில் நான் எழுதிப் போட்ட வரிசை அப்படியே இருந்தது. வேலை நேரம் எவ்வளவு, வீட்டுக்குப் பேச விடுவார்களா, விரும்பினால் திரும்பி வர முடியுமா. கீழே பெயர்.

இதற்கும் அதே பெயரில்தான் பதில் போட வேண்டுமா என்று கேட்டேன். ஆமாம், டீம் லீடர் பிரவீன் பெயரில்தான், அவர் பாங்காக்கில் இருக்கிறார், அவருக்கு வேலை தெரியும், இங்கிலீஷ்தான் வராது என்றார். இருக்கலாம். எத்தனையோ பெரிய ஆட்களுக்கு எழுத வராது.

எழுதினேன். எட்டு மணி நேர வேலை. தினமும் வீட்டோடு பேசலாம். எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். கடைசியில், 'உன் அண்ணனுக்கு இப்படி ஒரு தங்கை இருப்பது அவருடைய பாக்கியம்' என்று ஒரு வரி சேர்த்தேன். அது எனக்கே பிடித்திருந்தது.

இட்லி கொஞ்சம் அதிகமாக வெந்துவிட்டது.

பிப்ரவரி 5, திங்கள்

சங்கவி பேசினாள். ஏழு நிமிடம், தாளைப் பார்க்காமல். முதல்வர் மேடம் கதவருகில் நின்று கேட்டுவிட்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பிரவீனின் பதிலைப் பிரிண்ட் எடுத்துக் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள்.

முழு மார்க் போட்டேன். சீல் குத்தினேன். வேறென்ன செய்வது, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் என்னிடம் வந்தாள்.

"எங்க அம்மா வேணாம் வேணாம்னுதான் சொல்லிட்டு இருந்துச்சு மிஸ். நான் இந்த லெட்டரத் தமிழ்ல சொன்னேன். காலேஜ்லயே பாத்து சீல் போடுவாங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் சரின்னுச்சு. பதினஞ்சாம் தேதி பிளைட்டு."

அண்ணன் பெயர் மணிமாறன். வயது இருபத்து நாலு. அப்பா இல்லாத வீடு. கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்துவிட்டு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறானாம். இதையெல்லாம் நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

இப்போது ஏழு பெட்டிகள்தான் ஓடுகின்றன.

பிப்ரவரி 8, வியாழன்

அந்தப் பிரவீனோடு ஒரு தடவை போனில் பேசலாமா என்று அவரிடம் சும்மாதான் கேட்டேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், எதற்கு என்றார். வகுப்புக்குத்தான் என்றேன். வகுப்பை வகுப்போடு வைத்துக்கொள் என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதுமே உயர்த்த மாட்டார். பேப்பரை நாலாக மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

கல்லூரியில் லேப் காலியாக இருந்தது. அந்த வெப்சைட்டைத் திறந்தேன். என் எட்டுப் பக்கமும் அப்படியே இருக்கின்றன. நான் எழுதாதது ஒரே ஒரு படம், கண்ணாடி வைத்த ஐந்து மாடிக் கட்டடம், கீழே 'எங்கள் அலுவலகம்'. ஒரு படம் வேறெங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுகிற வழி ஒன்று உண்டு. தேடினேன். அதே கட்டடம், அதே நீலக் கார், வேறு ஒரு நாட்டுப் பல் ஆஸ்பத்திரியின் பக்கத்தில் நிற்கிறது.

ஒரே மாதிரிக் கட்டடங்கள் எத்தனையோ இருக்கும். அதே மாதிரிக் காரும் இருக்கும்.

கை சில்லிட்டுப் போயிருந்தது. லேபில் ஏசி இல்லை.

பிப்ரவரி 12, திங்கள்

காலை ஏழரை மணிக்கு வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். அவர் பால் வாங்கப் போயிருந்தார். பெயர் பூங்கோதை என்றாள், மணமேல்குடிப் பக்கம். ஆபீசுக்கு நாலு நாளாக நடக்கிறாளாம், அவளைப் பார்த்ததும் ஷட்டரை இறக்கிவிடுகிறார்களாம். டிராவல்ஸ்காரர் சம்சாரம் டீச்சர் என்று யாரோ சொல்லி வந்திருக்கிறாள். மார்கழிக் கடைசியில் அவள் புருஷன் தாய்லாந்து போயிருக்கிறான்.

உள்ளே கூப்பிட்டேன். உட்கார மாட்டேன் என்றாள்.

"ஒரு மாசமாப் பேச்சே இல்ல டீச்சர். போன வாரம் வேற யாரோ போன்லருந்து பேசுனாக. பாஸ்போட்டப் புடுங்கி வச்சுக்கிட்டாகளாம். ஆத்தத் தாண்டி வேற நாட்டுல பூட்டி வச்சு, பொம்பளப் பேருல ஊரு ஒலகத்துல உள்ளவககிட்ட எழுதி ஏமாத்தச் சொல்லுறாகளாம். மாட்டேன்னா கரண்டு வைக்கிறாகளாம். அழுதாக டீச்சர். அவுக அழுது நான் பாத்ததே இல்ல."

பிறகு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். போவதற்கு முன்னால் அந்தக் கம்பெனியிலிருந்து வந்த கடிதமாம். அப்போது யாரோ அரைகுறையாகப் படித்துச் சொன்னார்களாம். "இதுல என்ன போட்டிருக்குன்னு வரி வரியா சொல்லுங்க. இத வச்சு போலீசுக்குப் போலாமான்னு பாக்கணும்."

வாசித்துச் சொன்னேன். எட்டு மணி நேர வேலை. தினமும் வீட்டோடு பேசலாம். எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். கடைசி வரியில், 'உங்கள் கணவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர்'. கீழே பிரவீன்.

"நல்லாத்தான எழுதியிருக்காக" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏன் டீச்சர் உங்களுக்கு வேர்க்குது?" என்றாள்.

பைக் சத்தம் கேட்டது. பின்வாசல் வழியாக அவளை அனுப்பினேன். நான்தான் அனுப்பினேன். எதற்குப் பயந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. தெரியும்.

இன்னும் மூன்று நாள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

நேற்று சாயங்காலம் ஜேபி வீட்டுக்கு வந்திருந்தார். காபி கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டே, "டீச்சரோட இங்கிலீஷ்லதான் நம்ம ஆபீஸே நிக்கிது" என்று சிரித்தார். அவர் போகிற வரைக்கும் அடக்கிக்கொண்டிருந்துவிட்டு, பூங்கோதை வந்ததைச் சொல்லாமல், போனவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறார்களா என்று மட்டும் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

அவர் டிவி ரிமோட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற, தமயந்தி? அந்த வெப்சைட்டுல நீ எழுதாத பக்கம் ஒண்ணு காட்டு. என் கையெழுத்து எங்கயும் கெடையாது. ஜேபி கையெழுத்தும் கெடையாது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு டிவியைப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, நீ இன்னும் டைரி எழுதுகிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். பதினாறு வருடமாக இந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். நேற்றுத்தான் அவர் பின்னால் வந்து நின்றபோது தூக்கிப் போட்டது.

இந்த நோட்டு இனி வீட்டுக்குப் போகாது. இன்டர்னல் பரீட்சைக் கட்டுக்குள் சொருகி, என் லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுகிறேன்.

பிப்ரவரி 14, புதன்

ஒரு வழி கண்டுபிடித்தேன் என்று நினைத்தேன். நான் வாயைத் திறக்காமல் சங்கவியே கண்டுபிடிக்க வேண்டும். இன்று லேபில் புதுப் பாடம், படத்தை வைத்துத் தேடுவது எப்படி. அவரவர் ப்ராஜெக்ட்டில் உள்ள ஒரு படத்தை எடுத்துத் தேடுங்கள் என்றேன். சங்கவி அந்தக் கட்டடத்தைத் தேடுவாள், பல் ஆஸ்பத்திரியைப் பார்ப்பாள், அலறிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவாள். என் பெயர் எங்கும் வராது. நல்ல யோசனை.

சங்கவி வரவில்லை.

தஸ்லிமாவைக் கேட்டேன். அண்ணன் நாளைக்குக் கிளம்புகிறான், வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்திருக்கிறார்கள், அதனால் லீவு என்றாள். பிறகு, மிஸ், நீங்கள் சீல் போட்ட பக்கத்தை அவள் அண்ணன் கலர் ஜெராக்ஸ் எடுத்துப் பாஸ்போர்ட்டோடு ஃபைலில் வைத்திருக்கிறான் தெரியுமா என்று சிரித்தாள்.

பாத்ரூமில் போய் நின்றேன். சங்கவியின் நம்பருக்குப் போட்டேன். இரண்டு தடவை மணி அடித்தது. மூன்றாவது மணிக்குள் நானே கட் செய்தேன். என்னவென்று சொல்ல? அந்தக் கம்பெனி சரியில்லை என்றால், நீங்கள்தானே சீல் போட்டீர்கள் என்பாள். எப்படித் தெரியும் என்பாள். சொன்னால் வேலை போகும். வேலையோடு போகாது. வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஜேபி எந்த ஊர், அவர் பின்னால் யார் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. என்னைப் பற்றி எல்லாம் அவருக்குத் தெரியும்.

நான் கோழை. இதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் வேறு யாரிடமும் சொல்ல முடியாது. காலையில் எப்படியாவது போன் செய்ய வேண்டும்.

பிப்ரவரி 15, வியாழன்

திருச்சி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நோட்டு இல்லை, ஒரு விடைத்தாளின் பின்பக்கம். அப்புறம் நோட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

காலையில் கல்லூரிக்கு என்றுதான் கிளம்பினேன். சங்கவியின் போன் ஸ்விட்ச் ஆஃப். நேற்றே பேசியிருக்கலாம். புதுக்கோட்டை பஸ் நின்றுகொண்டிருந்தது, ஏறிவிட்டேன். புதுக்கோட்டையில் இறங்கித் திருச்சி பஸ். வழியெல்லாம் போட்டுக்கொண்டே வந்தேன். கீரனூர் தாண்டியதும் மணி அடித்தது. பன்னிரண்டு மணி விமானம், அப்போது பத்தேகால்.

சங்கவி எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல். அண்ணன் இப்போதுதான் உள்ளே போனான், நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறோம் மிஸ் என்றாள். நான் வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துச் சந்தோஷத்தில் அழுதாள். அவன் நம்பரைக் கேட்டேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் கொடுத்தாள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு அம்மாள் மடியில் முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டாலும் கேட்கட்டும் என்று ஆகிவிட்டது.

மணிமாறன் ரொம்ப மரியாதையாகப் பேசினான். லைனில் நிற்கிறேன் மிஸ், முன்னால் மூன்று பேர் என்றான். போகாதே தம்பி என்றேன். அங்கே வேலை கிடையாது, பூட்டி வைப்பார்கள், ஏற்கெனவே போன ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றேன். அவன் கொஞ்சம் சிரித்தான். வெளிநாடு என்றால் இப்படிப் பத்துப் பேர் பத்துச் சொல்வார்கள் மிஸ், என் தங்கச்சி எல்லாம் விசாரித்துவிட்டாள், பிரவீன் சாரே எழுதியிருக்கிறார் என்றான்.

"அந்தப் பிரவீன் நான்தான் தம்பி."

"என்ன மிஸ்?"

"பிரவீன்னு ஒரு ஆளே கெடையாது. அந்த லெட்டர எழுதுனது நான். 'உன் அண்ணனுக்கு இப்படி ஒரு தங்கை இருப்பது அவருடைய பாக்கியம்'னு கடைசி வரி இருக்கும் பாருங்க. அந்தத் தையல் மெஷின்காரர், அந்த ஆறு பேரு, எல்லாம் நான் வீட்டுல உக்காந்து எழுதுனது. என் வீட்டுக்காரர் ஆபீசுக்காக எழுதுனேன்."

மைக்கில் ஏதோ அறிவிப்பு கேட்டது. அவன் மூச்சு கேட்டது. யாரோ "நெக்ஸ்ட்" என்றார்கள். போன் கட்டாகிவிட்டது.

மறுபடி போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். சங்கவிக்குப் போட்டேன், எடுக்கவில்லை. பஸ் வழியில் பஞ்சராகி வெகுநேரம் நின்று, ஏர்போர்ட் வாசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால். யாரும் இல்லை.

முருங்கைக்காய் அம்மாள் இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பிப்ரவரி 16, வெள்ளி

தெரியவில்லை. மணிமாறன் விமானம் ஏறினானா என்று சொல்ல ஆளில்லை. சங்கவி கல்லூரிக்கு வரவில்லை. போன் போகவில்லை.

காலையில் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "நேத்து நீ காலேஜுக்கே போகலியாமே" என்றார். யார் சொன்னது என்று கேட்கத் தைரியம் வரவில்லை. தலைவலி, பாதியில் இறங்கி ஆஸ்பத்திரி போனேன் என்றேன். சீட்டைக் காட்டு என்று கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

வீட்டு லேப்டாப் அலமாரியில் இல்லை. ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறாராம்.

பிப்ரவரி 19, திங்கள்

நாலாவது பீரியட். லேபில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் ஒரு வேலை செய்தேன். வெப்சைட்டுக்கும் கடிதங்களுக்கும் எழுதியதையெல்லாம் என் மெயிலிலிருந்துதான் அவருக்கு அனுப்பியிருந்தேன். லேப்டாப் போனாலும் அவை என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரிண்ட் எடுத்தேன். ஜனவரி 24 அன்று இந்த நோட்டில் 'எப்போதாவது இரண்டொரு கடிதம்' என்று எழுதியிருக்கிறேன். பதினேழு.

பதினேழு பேரில் எத்தனை பேர் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவர் பூங்கோதையின் புருஷன்.

கடைசித் தாள் வந்துகொண்டிருந்தபோது கதவருகில் சங்கவி நின்றாள். தலை வாரவில்லை. நான் எழுந்தேன்.

"அண்ணன் வெளிய வந்துட்டான் மிஸ்" என்றாள். "கவுன்டர் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டான். மூணு நாளா யார்கிட்டயும் பேசல. சொந்தக்காரங்க எல்லாம் அவன் பயந்துட்டு ஓடியாந்துட்டான்னு பேசறாங்க. அவன் ஒண்ணுமே சொல்லல. எங்கிட்ட மட்டும் நேத்து சொன்னான்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று நினைக்கிறேன். அவள் கிட்டே வரவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

பையிலிருந்து அந்த ஐந்து கேள்வித் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். நாலு கேள்விக்கு அவளுடைய குண்டு குண்டான எழுத்து. முதல் கேள்விக்கு எதிரே காலி. அதன்மேல் சாய்வாக என் சீல்.

"இதக் காலியா விட்டுட்டேன்னு அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேன் மிஸ். நீங்க விடுன்னு சொன்னீங்க. இப்ப எழுதுங்க."

பேனாவை அவளே நீட்டினாள். யார் எழுதியது? என் பெயரை எழுதினேன். என்ன வேலை, எந்தக் கல்லூரி, வீட்டு முகவரி, போன் நம்பர். எழுத்தெல்லாம் கோணலாக வந்தது. நாலாவது கேள்விப்படி பார்த்தால் இதற்கு நான் மார்க் போட மாட்டேன். அவள் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். பிறகு மேஜை டிராயரைத் திறந்து சீலை எடுத்து, மையில் தொட்டு, என் பெயருக்குப் பக்கத்தில் குத்தினாள்.

பதினேழு கடிதங்களோடு அந்தத் தாளையும் சேர்த்துக் கட்டினோம். இந்த நோட்டும் அதோடு போகிறது. பூங்கோதையின் நம்பரை அவள் வந்த அன்றே வாங்கி வைத்திருந்தேன். போன் செய்துவிட்டேன், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பதாகச் சொன்னாள். முதல்வர் மேடத்துக்கு ஒரு லீவு லெட்டர் எழுதி வைத்துவிட்டேன். எத்தனை நாள் என்று போடவில்லை.

சங்கவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டுக்காரர் பைக் மெயின் கேட்டில் நிற்கிறது மிஸ் என்றாள். அவர் அதன்மேல் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். என் போனில் ஒன்பது மிஸ்டு கால்.

"பின் கேட் தொறந்துதான் இருக்கு. அப்படிப் போயிடலாமா மிஸ்?"

வேண்டாம் என்றேன். பூங்கோதையைத்தான் ஒருநாள் பின்வாசலில் அனுப்பினேன். பயமாகத்தான் இருக்கிறது. நோட்டை மூடிவிட்டு மெயின் கேட் வழியாகத்தான் போகப் போகிறோம்.